ரொட்டிக் கணக்கு தெரிந்த ஒற்றன்

நூறு ராத்தல் மாவு கொடுத்தால் எத்தனை ராத்தல் ரொட்டி திரும்பி வரவேண்டும்? 1777இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூறுக்கு நூறு என்று கேட்டது. படைக்கு ரொட்டி சுடும் பொறுப்பை ஏற்கவந்த கிறிஸ்டோபர் லுட்விக் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை. மாவில் தண்ணீர் சேர்கிறது, வெந்த பிறகும் அதில் பாதிக்கு மேல் உள்ளேயே தங்கிவிடுகிறது. ஆகவே நூறு ராத்தல் மாவுக்கு 135 ராத்தல் ரொட்டி தருவதாகச் சொன்னார். மிச்சத்தை விற்றுப் பணக்காரனாகும் ஆசை தனக்கில்லை என்பதும் அதில் அடக்கம். அடுப்படிக்குள் நின்றவனுக்கு மட்டுமே தெரிந்த இந்த 35 ராத்தல்தான் நான் சொல்லவரும் விஷயத்துக்கு வாசல்.

ஏனென்றால் இதே லுட்விக் ஒற்றராகவும் இருந்தவர். 1776 ஆகஸ்டில், பிரிட்டிஷ் படைக்குக் கூலிக்கு வந்த ஹெஸ்ஸிய வீரர்கள் முகாமிட்டிருந்த ஸ்டேட்டன் தீவுக்குள், அமெரிக்கப் படையை விட்டு ஓடிவந்தவர்போலப் போய்ச் சேர்ந்தார். அவர் பிறந்ததும் ஹெஸ்ஸெ நாட்டுக் கீஸன் நகரில்தான். அவர்கள் பேசியது அவருடைய தாய்மொழி. பிலடெல்ஃபியாவில் ஜெர்மானியர் எவ்வளவு நன்றாகப் பிழைக்கிறார்கள் என்பதை அவர்கள் காதில் போட்டுவிட்டுத் திரும்பினார். மாரா ராக்லிஃப் 2015இல் இவரைப் பற்றி 'ஜிஞ்சர்பிரெட் ஃபார் லிபர்ட்டி' என்று ஒரு படக்கதைப் புத்தகம் எழுதினார். குழந்தைகள் விரும்பிப் படிக்கிற புத்தகம். ஸ்டேட்டன் தீவுக்குப் போனபோது லுட்விக்குக்கு ஐம்பத்தைந்து வயது என்பதைப் படக்கதையின் துள்ளல் சற்று மறக்கடித்துவிடும், அவ்வளவுதான்.

லுட்விக்கின் வாழ்க்கையை எழுதிய மருத்துவர் பெஞ்சமின் ரஷ் இன்னொரு செய்தியையும் சொல்கிறார். இளைஞராக இருந்தபோது அவர் கப்பல் ரொட்டிக்காரராக அட்மிரல் பாஸ்கவனின் தலைமையில் கிழக்கிந்தியப் பகுதிக்கு வந்துபோனவர். அந்தப் பாஸ்கவன்தான் 1748இல் புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றவர். 1749 ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து சென்னையைத் திரும்பப் பெற்றவர். சோழமண்டலக் கடற்கரையில் நங்கூரமிட்ட கப்பலில் மாவு பிசைந்துகொண்டிருக்கும் ஓர் இளம் ரொட்டிக்காரன். சிறுவர்களுக்காக வரலாற்று மர்மக்கதை எழுத நினைப்பவருக்கு இந்த ஒரு வரி போதும்.

அப்படி ஒரு கதை தமிழில் எழுதப்பட்டால் அது எங்கே நிகழவேண்டும்? கோட்டை, கோயில், குகை என்று போகாமல் வடசென்னைக்குப் போகச் சொல்வேன். குறிப்பாக டோல்கேட்டுக்கு.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் தண்டையார்பேட்டையைத் தாண்டி, காலடிப்பேட்டை வருமுன் இருக்கிறது டோல்கேட். 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகருக்கு நீண்ட மெட்ரோ பாதையில் அந்தப் பெயரில் ஒரு நிலையமே வந்துவிட்டது. கேட் போய்விட்டது, பெயர் நிற்கிறது. நகரத்துக்குள் வரும் வண்டிகள் நின்று காசு கட்டிவிட்டுப் போன இடம். கிழக்கே கடலும் குப்பங்களும், மேற்கே சற்றுத் தள்ளிப் பக்கிங்காம் கால்வாய். தெற்கே ராயபுரத்தில் 1856இல் திறந்த ரயில் நிலையம், அதை ஒட்டித் துறைமுகம். வடக்கே, கவர்னர் ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய காலடிப்பேட்டை, பிறகு திருவொற்றியூர்த் தேரடி, விம்கோ தீப்பெட்டி ஆலை, எண்ணூர் முகத்துவாரம். ஒற்றுக் கதைக்கு முதலில் வேண்டியது, யாரை விடுவது யாரை நிறுத்துவது என்று ஒருவர் தீர்மானிக்கும் ஒரு வாசல். அது இங்கே இருந்தது. இரண்டாவதாக வேண்டியது, அந்த வாசலில் தினமும் நிறுத்தப்படாமல் போய்வருகிற ஓர் ஆள்.

அந்த ஆள் யாராக இருக்கலாம் என்பதில் நம் பழைய நூல்கள் மிகத் தெளிவாக இருக்கின்றன. திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம், பார்த்தவர் சந்தேகப்படாத தோற்றம் ஒற்றனுக்கு வேண்டும் என்கிறது. ஓர் ஒற்றன் சொன்னதை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்கிறது. மூன்று ஒற்றர் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே செய்தியைக் கொண்டுவந்தால் நம்பலாம் என்கிறது. கடைசிக் குறள் இன்னும் கறாரானது: ஒற்றனுக்கு ஊரறியச் சிறப்புச் செய்யாதே, செய்தால் மறைபொருளை நீயே வெளியிட்டவனாவாய். அர்த்தசாஸ்திரம் வேலைகளையே வரிசையாகச் சொல்லிவிடுகிறது: சமையற்காரர், குளிப்பாட்டுகிறவர், படுக்கை விரிப்பவர், முடிதிருத்துபவர், தண்ணீர் கொண்டுவருபவர். பெரிய மனிதர்களின் உடம்புக்கும் வயிற்றுக்கும் பக்கத்தில் நிற்பவர்கள், அதேசமயம் பெரிய மனிதர்களின் கண்ணில் படாதவர்கள். கௌடில்யர் சாதிப் படிநிலையை ஓர் ஆயுதமாகப் பயன்படுத்தியிருக்கிறார் என்று நான் இதைப் படிக்கிறேன். கீழே இருப்பவனை மேலே இருப்பவன் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அந்தப் பார்க்காமைதான் அங்கே அரசின் மூலதனம்.

ரொட்டிக்காரனுக்கு இதோடு இன்னொரு வசதி. அவன் வேலை இரவில். மாலையில் பிசைந்த மாவு ராத்திரி முழுக்கப் பொங்குகிறது, பின்னிரவில் அடுப்பு, விடியுமுன் கூடை. ஊர் தூங்கும்போது தெருவில் நடக்க நியாயமான காரணம் உள்ளவர்கள் கொஞ்சம் பேர்தான். மதுரைக்காஞ்சியின் இரவுக் காட்சியில், நள்ளிரவை நெருங்கும் வேளையில் அப்பம் விற்கும் கூவியர் தங்கள் பண்டங்களோடு உட்கார்ந்தபடியே தூங்கி வழிகிறார்கள். அதற்குச் சில வரிகள் தள்ளித்தான் நூலேணியோடு கள்வர் வருகிறார்கள், அவர்களைத் தேடிக்கொண்டு ஊர்க்காவலர் வருகிறார்கள். மாங்குடி மருதனார் மர்மக்கதை எழுதவில்லை என்றாலும் அதற்கு வேண்டிய மூவரையும் ஒரே தெருவில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்.

சென்னை ரொட்டிக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டில் இங்கே மாவைப் பொங்கவைக்கக் கள்ளைத்தான் சேர்த்தார்கள். 1878இல் 'வைவர்ன்' என்ற புனைபெயரில் சென்னைச் சமையல் பற்றிப் புத்தகம் எழுதிய கர்னல் கென்னி ஹெர்பர்ட்டுக்கு அந்தக் கடைவீதி ரொட்டி பிடிக்கவில்லை. டப்பாவில் வரும் பேக்கிங் பவுடரைப் பரிந்துரைத்தார். அவருடைய நாக்கு அவருடைய பாடு. கதைக்குக் கள் பெரிய கொடை. பனை இருக்கிற பக்கத்திலிருந்து கள்ளைக் கொண்டுவரவேண்டும், சுட்ட ரொட்டியைத் துறைமுகத்துக்கும் கோட்டைக்கும் கொண்டுபோகவேண்டும். டோல்கேட்டில் அடுப்பு வைத்திருந்தால் ஒரே பையன் ஒரே நாளில் வடக்கேயும் தெற்கேயும் வாசலைக் கடக்கிறான். இரண்டு பக்கத்து வம்பும் அவன் காதுக்கு வருகிறது.

மர்மக்கதைகளில் ரொட்டி என்றாலே உள்ளே கடிதம் ஒளித்து வைப்பார்கள். எனக்கு அது சலித்துப்போன உத்தி. 1857 தொடக்கத்தில் வடஇந்தியக் கிராமங்களில் சப்பாத்திகள் கைமாறிக் கைமாறிப் போனபோது பிரிட்டிஷ் அதிகாரிகளும் இப்படித்தான் நினைத்தார்கள். மதுரா மாஜிஸ்திரேட் மார்க் தார்ன்ஹில்லின் மேசைக்கு வந்து சேர்ந்த நான்கு சப்பாத்திகளில் சப்பாத்தியைத் தவிர வேறெதுவும் இல்லை. ரொட்டியில் செய்தி இருப்பது அதன் எண்ணிக்கையில். நம் கதையில், ஒரு முகாமுக்கு நாளொன்றுக்கு 200 ராத்தல் மாவுக்கு ரொட்டி போய்க்கொண்டிருந்தது. திங்கட்கிழமை முதல் 600 ராத்தலுக்கு என்று உத்தரவு வருகிறது. லுட்விக் கணக்கில் 270 ராத்தல் ரொட்டி 810 ஆகிறது. ஆளுக்கு ஒரு ராத்தல் என்றால் புதிதாக 540 பேர் வந்து இறங்கியிருக்கிறார்கள். கூடை தூக்குகிற பையன் பெருக்கல் மட்டும் தெரிந்துவைத்திருந்தால் போதும். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் வாசகரும் அவனோடு சேர்ந்து கணக்குப் போடலாம். துப்பறியும் கதையில் வாசகருக்குக் கொடுக்கவேண்டிய மரியாதை அதுதான்.

திபெத்தை ரகசியமாக அளந்த நைன் சிங்கும் எண்ணித்தான் வென்றார். 1865இல் யாத்திரிகன் வேடத்தில் புறப்பட்டவரின் ஜபமாலையில் 108 மணிக்குப் பதில் 100 மணிகள். நூறு காலடிக்கு ஒரு மணி. குறிப்புகள் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள். அவரை அனுப்பிய அளவைத் துறையின் பெருவேலை 1802இல் தொடங்கியது நம் பரங்கிமலையில் என்பதை இங்கே சொல்லாமல் விடமுடியவில்லை. ஆனால் நைன் சிங் யாருக்காக எண்ணினார்? பிரிட்டிஷ் அரசுக்காக. 1901இல் வந்த கிப்ளிங்கின் 'கிம்' நாவலில் லாகூர்த் தெருவில் திரியும் சிறுவனும் அதே அரசுக்குத்தான் உளவு பார்க்கிறான். உலகம் முழுக்கச் சிறுவர் ஒற்றுக் கதைகளுக்கு அச்சாக அமைந்துவிட்ட புத்தகம் அது. அதன் அழகை ரசித்துக்கொண்டே அதன் விசுவாசத்தையும் சேர்த்து விழுங்கிவிடும் ஆபத்து நமக்கு உண்டு. டோல்கேட் பையன் யாருக்காக எண்ணுகிறான் என்பதை எழுத்தாளர் முதல் பக்கத்துக்கு முன்பே தீர்மானித்தாகவேண்டும்.

வடசென்னையின் வரலாறு அதற்கு இரண்டு காலங்களைத் தருகிறது.

முதலாவது 1914 செப்டம்பர் 22. இரவு ஒன்பதரை மணி வாக்கில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் துறைமுகத்துக்கு முன்னே வந்து நின்று, சில நிமிடங்களில் சுமார் 130 குண்டுகளை வீசிவிட்டுப் போனது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். அன்று நகரத்தில் இருட்டடிப்பு கிடையாது, உயர்நீதிமன்றக் கட்டடத்தின் மேலிருந்த கலங்கரை விளக்கமும் எரிந்துகொண்டுதான் இருந்தது. மறுநாளிலிருந்து ஜனம் ரயிலேறியும் வண்டி கட்டியும் ஓடியது. எண்ணெய்த் தொட்டி எங்கே இருக்கிறதென்று எம்டன்காரனுக்கு எப்படித் தெரிந்தது, யார் காட்டிக்கொடுத்தது என்ற பேச்சு தொடங்கியது. கப்பலில் சம்பகராமன் பிள்ளை இருந்தார் என்று இன்றுவரை மேடையில் சொல்கிறார்கள். அந்த மாதங்களில் அவர் சூரிச்சிலும் பிறகு பெர்லினிலும் இந்திய விடுதலைக்கான குழு வேலைகளில் இருந்தார். எம்டனில் இருந்தவர் வேறொருவர்: ஜூலியஸ் லாட்டர்பாக் என்ற துணைப்படை அதிகாரி. போருக்கு முன் கிழக்கத்தியக் கடல்களில் வணிகக் கப்பல் ஓட்டியவர். கீழைத் துறைமுகங்களும் சரக்குக் கப்பல்களின் வழிகளும் அவருக்குத் தொழில்வழியே பழக்கம். தேசமே ஒற்றனைத் தேடிக்கொண்டிருந்தபோது, துறைமுகங்களின் குறிப்பு ஒரு மாலுமியின் பழைய பிழைப்பிலேயே இருந்தது. மர்மக்கதையின் முடிச்சாக வைக்க இதைவிட நேர்மையான விடை கிடைப்பது அரிது. எல்லோரும் சம்பகராமனைத் தேடட்டும். ரொட்டிக்கடைப் பையன் மட்டும், போன வருஷம் வந்துபோன கப்பல்களுக்கு எத்தனை ரொட்டி போட்டோம் என்ற கடைக் கணக்கைப் புரட்டட்டும்.

இரண்டாவது காலம் 1942. இங்கேதான் விஷயம் கனக்கிறது.

அந்த ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் 5ஆம் தேதி கொழும்பையும், 6ஆம் தேதி விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும், 9ஆம் தேதி திருகோணமலையையும் தாக்கின. அடுத்தது சென்னை என்று கவர்னர் ஆர்தர் ஹோப்பின் அரசு நம்பியது. அத்தியாவசியமில்லாதவர்கள் நகரத்தை விட்டுப் போகலாம் என்று அறிவிப்பு வந்தது. மிருகக்காட்சிச்சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன செய்வது என்று. வீடுகள் பூட்டிக்கிடந்த நகரத்தில் துறைமுகக் கூலிகளும் ஆலைத் தொழிலாளரும் மீனவரும் எங்கே போவார்கள்? 1943 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் உண்மையிலேயே வந்து துறைமுகப் பக்கம் குண்டு போட்டது. அதற்குள் போனவர்களில் பெரும்பாலோர் திரும்பிவிட்டிருந்தார்கள். இருட்டடிப்பு அமலில் இருக்கும்போது ரொட்டி அடுப்பைப் பற்றி யோசித்துப்பாருங்கள். ஜன்னலில் கறுப்புத் துணி தொங்கவிடலாம். பின்னிரவில் திறந்து திறந்து மூடும் அடுப்பு வாயை என்ன செய்வது? கடலைப் பார்த்திருக்கும் அடுப்பு என்றால் அது விளக்குச் சைகையா, வேலையா என்று போலீஸ்காரருக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்? கற்பனைதான். ஆனால் காலமும் தொழிலும் சேர்ந்து தருகிற கற்பனை.

அதே 1942இல் கடல்வழியாக உண்மையான ஒற்றர்கள் வந்தார்கள். பினாங்கில் இந்திய சுதந்திரச் சங்கத்தார் சுவராஜ் பயிற்சிக் கூடம் ஒன்றை நடத்தினார்கள். மலேயாவில் பிழைக்கப்போயிருந்த இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து வயர்லெஸ், சங்கேதம், தகவல் சேகரிப்பு எல்லாம் கற்றுக்கொடுத்து, ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் ஏற்றி இந்தியக் கரையில் இறக்கினார்கள். 1942 செப்டம்பர் இறுதியில் மலபாரின் தானூர்க் கரையில் இறங்கிய குழுவில் வக்கம் அப்துல் காதர் இருந்தார். உள்ளூர்க்காரர்கள் சந்தேகப்பட்டுப் போலீஸுக்குச் சொல்ல, பிடிபட்டார்கள். வேறு வழிகளில் வந்தவர்களும் சிக்கினார்கள். சென்னையில் வழக்கு நடந்தது. 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் அப்துல் காதர், அனந்தன் நாயர், சத்தியேந்திர சந்திர பர்தன், பவுஜா சிங் நால்வரும் தூக்கிலிடப்பட்டார்கள். காதருக்கு இருபத்தாறு வயது. ராயபுரத்திலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லமுடியாது, ஆனால் நடந்துபோகிற தூரம்தான் அந்தச் சிறை. பிற்காலத்தில் அதை இடித்துவிட்டார்கள்.

இந்த நால்வரின் வீரத்தில் எனக்குச் சந்தேகமில்லை. அவர்களை அனுப்பியவர்களின் யோசனையில்தான் சந்தேகம். விடியற்காலையில் ரப்பர் படகில் ஒரு மீனவக் கிராமத்துக்கு வந்து இறங்கினால் யார் கண்ணில் படாமல் இருக்கமுடியும்? காசிமேட்டிலோ திருவொற்றியூர்க் குப்பத்திலோ இறங்கியிருந்தாலும் இதே கதிதான். எந்தக் கட்டுமரம் எப்போது போனது, எது திரும்பவில்லை என்பது கரையில் கூடையோடு நிற்கிற பெண்களுக்கு அத்துப்படி. வந்து இறங்கியவர்கள் கையில் வயர்லெஸ் இருந்தது. கரையில் அவர்களுக்கு ஒரு வேலை இருக்கவில்லை. வள்ளுவர் கேட்ட சந்தேகத்துக்கிடமில்லாத தோற்றம் என்பது முகத்தில் இருப்பதில்லை, கையில் இருக்கிற வேலையில் இருக்கிறது.

இதற்கு நேர்மாறான கதை, சென்னையில் வாழ்ந்து 2018 ஜனவரி 13 அன்று மறைந்த சரஸ்வதி ராஜாமணியுடையது. ரங்கூனில் வசதியான தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் தம் நகைகளை இந்திய தேசிய ராணுவத்துக்குக் கொடுத்துவிட்டார். சிறுமி புரியாமல் கொடுத்துவிட்டாள் என்று நேதாஜி திருப்பிக் கொடுக்க வந்தபோது வாங்க மறுத்தார். அப்போதுதான் 'சரஸ்வதி' என்ற பெயரை நேதாஜி சூட்டினாராம். பிறகு முடியை வெட்டி, பையன் உடை போட்டு, 'மணி' என்ற பெயரில், துர்கா என்ற தோழியோடு பிரிட்டிஷ் ராணுவ முகாம்களில் எடுபிடியாக வேலைக்குச் சேர்ந்தார். அதிகாரிகள் பேசியதைக் கேட்டு வந்து சொன்னார்கள். துர்கா பிடிபட்டபோது ராஜாமணி ஆடல்காரி வேடத்தில் உள்ளே போய், காவலர்களுக்கு மயக்கமருந்து கொடுத்து மீட்டுவந்தார். ஓடும்போது காலில் குண்டு பாய்ந்தது. மூன்று நாள் மரத்தின்மேல் ஒளிந்திருந்தார். வாழ்நாள் முழுக்கக் கால் சற்று இழுத்தே நடந்தார்.

இதில் பெரும்பகுதிக்கு ஆதாரம் அவர் முதுமையில் கொடுத்த நேர்காணல்கள். ஆய்வு செய்பவர் சில கேள்விகளைக் கேட்டாகவேண்டும். ரங்கூன் 1942 மார்ச் முதல் 1945 மே வரை ஜப்பானியர் வசம் இருந்தது. நேதாஜி தம் தலைமையகத்தை ரங்கூனுக்கு மாற்றியது 1944 ஜனவரியில். அப்படியானால் ராஜாமணி வேலைபார்த்த பிரிட்டிஷ் முகாம் ஊருக்குள் இருந்திருக்கமுடியாது. போர்முனைக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கவேண்டும். அங்கே இரண்டு தமிழ்ப் பெண்கள் எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள், செய்தி எந்த வழியாகத் திரும்பியது? கேள்வி கேட்பதால் அவர் பெருமை குறையாது. கேட்காமல் தலைமுறை தலைமுறையாகப் புல்லரித்துக்கொண்டே இருப்பதுதான் அவருக்குச் செய்யும் அவமரியாதை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கதையின் மையத்தில், நம்புவதற்கு மிக எளிதான பகுதி எது? எடுபிடி வேலை. தேநீர் கொண்டுவருகிற, பூட்ஸ் துடைக்கிற பையனைப் பார்த்து அதிகாரி பேச்சை நிறுத்தமாட்டான். பினாங்குப் பயிற்சிக் கூடம் கற்றுக்கொடுக்காத பாடம் அது.

தமிழ்ச் சிறுவர் சாகசக் கதைகள் இந்தப் பக்கம் அதிகம் வரவில்லை. 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்தது. கண்ணுக்குத் தெரியாமல் போக அவருக்கு மின்சாரம் தேவைப்பட்டது. தமிழ்வாணனின் சங்கர்லால் துப்பறிகிற நேரம் போக மீதி நேரத்தில் தேநீர் குடிப்பார். வாண்டுமாமா மந்திரக் காடுகளையும் அரண்மனைகளையும் அள்ளிக்கொடுத்தார். நான் உட்பட மூன்று தலைமுறை இவற்றில் வளர்ந்தது, குறையொன்றுமில்லை. ஆனால் கதாநாயகனுக்குக் கைத்தொழில் ஒன்று இருக்கிற கதைகள் அரிது. கல்கி விதிவிலக்கு. 'பொன்னியின் செல்வ'னில் வந்தியத்தேவனுக்கு வாள் இருக்கிறது. இருந்தும் கோடிக்கரைக்குப் போக மூலிகை தேடும் சாக்கும், கூடவே ஒரு வைத்தியர் மகனும் தேவைப்படுகிறார்கள். சேந்தன் அமுதன் பூ கட்டிக் கொடுக்கிறான், பூங்குழலி படகு ஓட்டுகிறாள். வேலை செய்கிற இளைஞர்கள் வரும் இடங்களில் அந்த நாவலின் கால்கள் தரையில் நன்றாகப் பதிகின்றன என்பது என் எண்ணம்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு தடையையும் சொல்லவேண்டும், சின்னத் தடையில்லை. 2007இல் பாரிஸில் பல நாடுகள் ஏற்றுக்கொண்ட கோட்பாடுகள், போரில் பயன்படுத்தப்பட்ட சிறார் யார் என்று வரையறுக்கின்றன. பதினெட்டு வயதுக்குக் கீழே, ஆயுதம் ஏந்தியவர் மட்டுமல்லாமல் சமையல் செய்தவர், சுமை தூக்கியவர், செய்தி கொண்டுபோனவர், உளவு பார்த்தவர் எல்லோரும் அதில் அடங்குவர். சமையலும் உளவும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. நாம் இதுவரை துள்ளலோடு பேசிய ரொட்டிக்கடைப் பையன் அந்த வரையறைப்படி பாதிக்கப்பட்ட குழந்தை. தமிழ் வாசகருக்கு இது தொலைதூரச் சட்டமும் அல்ல. ஈழப்போரில் சிறுவர்கள் படையில் சேர்க்கப்பட்டதை யூனிசெஃப் பல ஆண்டுகள் ஆவணப்படுத்தியது. அந்தக் குழந்தைகளின் தாய்மார் இன்றும் இருக்கிறார்கள். மேலைநாட்டுப் புத்தகங்கள்போல ஒரு சிறுவனை எதிரி முகாமுக்குள் அனுப்பிவிட்டு, கடைசிப் பக்கத்தில் கேக் வெட்டி முடிக்க நம்மால் முடியாது, முடியவும் கூடாது.

அதற்காகக் கதையைக் கைவிடவேண்டியதில்லை. பெரியவர்கள் அந்தப் பையனை அனுப்பக்கூடாது, அவனாகக் கண்டுபிடிக்கவேண்டும். இந்த ஒரு மாற்றம் போதும் என்று நினைக்கிறேன். அவன் ஒற்றனாகச் சேர்க்கப்படவில்லை. கூடை தூக்குகிறான், எண்ணுகிறான், கணக்கு இடிக்கிறது, ஏன் என்று கேட்கிறான். கேட்டதற்கு விலை கொடுக்கிறான்; கடை பூட்டப்படலாம், மாஸ்டரைப் போலீஸ் கூட்டிப்போகலாம், நண்பன் வீடு ராவோடு ராவாக ஊரைக் காலிசெய்யலாம். கடைசியில் அவனிடம் இருக்கும் உண்மையை யாரிடம் சொல்வது என்பது அவன் முன் நிற்கும் முடிச்சு. அவனைக் கொலைகாரனாக ஆக்காதீர்கள். பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. அடுப்பு வேலை தெரிந்த பெண்ணைப் பார்த்துக் கூர்க்கா முதல் கர்னல் வரை யாருமே சந்தேகப்படமாட்டார்கள். எந்தத் தெருவில் எந்த ஆலைச் சங்கு கேட்கும், எந்த மாதம் கடல் உள்ளே வரும், எந்தக் குப்பத்தார் எந்தக் குப்பத்தாரோடு பேசமாட்டார்கள் என்று தெரிந்து எழுதவேண்டும். கோட்டைக்குள் நடக்கும் கதையில் இவற்றை மழுப்பலாம். டோல்கேட்டில் மழுப்பினால் அந்த வட்டாரத்துப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கச்சாப்பொருள் இன்னும் கிடைக்கிறது, ஆனால் அதிக நாள் கிடைக்காது. 1942இல் பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர் நடந்தே வெளியேறினார்கள். வழியில் இறந்தவர்கள் பல்லாயிரம் பேர். மறுபடி 1964க்குப் பிறகு கப்பல் கப்பலாகத் திரும்பி வந்தவர்கள் வியாசர்பாடியிலும் வடசென்னையின் வேறு பகுதிகளிலும் குடியேறினார்கள். செகண்ட் லைன் பீச் தெருவில் விற்கும் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் அவர்கள் கொண்டுவந்தது. இருட்டடிப்பில் பத்து வயதாக இருந்தவருக்கு இப்போது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. ராஜாமணியிடம் கேட்காமல் விட்ட கேள்விகள் அவரோடு போயின. உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒரு தாத்தாவோ ஆயாவோ இருந்தால் கைப்பேசியை எடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். நேதாஜியைப் பார்த்தீர்களா என்று தொடங்காதீர்கள். அந்த நாளில் என்ன வேலை செய்தீர்கள், விடியற்காலையில் எந்த வழியாகப் போவீர்கள், கேட்டில் உங்களை நிறுத்தினார்களா என்று கேளுங்கள்.